இன்பப் பள்ளத்தாக்கும் இரு வெள்ளங்களும்

இல்லாத நிலமொன்றைக் கதையிலே படைக்க முற்படும் ஆசிரியன் மலையையும் ஆற்றையும் மரத்தையும் விலங்கையும் வேண்டியவாறு அமைத்துக்கொள்ளும் உரிமையுடையவன். உரிமை பெரிதாதலின் பொறுப்பும் பெரிதாகின்றது. அவ்வாறு அமைத்தவை கதைக்கு அணியாக மாத்திரம் அமைகின்றனவா, அன்றிக் கதையின் கருத்தைத் தாங்கி நிற்கின்றனவா என்பதைக்கொண்டே அப்படைப்பின் தரம் துணியப்படும். ஆங்கில அறிஞர் சாமுவேல் யோன்சன் 1759 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ராசெலாஸ்’ என்னும் உரைநடைக் கதையில் வரும் இன்பப் பள்ளத்தாக்கு இவ்வாராய்ச்சிக்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும்.

யோன்சன் ஆபிரிக்காவைக் கண்டவரல்லர். தாயாரின் ஈமச் செலவுக்குப் பொருள் தேடும் பொருட்டு, ஒரு வாரத்து மாலைப்பொழுதுகளிலே இந்நூலை எழுதி முடித்தார் என்பது அவர் வரலாற்றை எழுதிய பொஸ்வெல் தரும் செய்தி. எனினும் அபிசீனியா அவருக்கு முற்றும் புதியதன்று. அந்நாட்டிலே தங்கியிருந்த போர்த்துக்கேயத் துறவி லோபோவின் பயண நூலை, அதன் பிரெஞ்சு வடிவத்திலிருந்து அவர் மொழிபெயர்த்து 1735 ஆம் ஆண்டிலேயே வெளியிட்டிருந்தார். அபிசீனிய அரசகுமாரர்கள் பண்டு மலையுச்சியொன்றிற் சிறைவைக்கப்பட்டனர் என்பது வரலாறு. யோன்சன் அவ்வுச்சியைப் பள்ளத்தாக்காக மாற்றினார். மலையுச்சியிற் சிறையிருப்பவன் கீழே பரந்துகிடக்கும் உலகைக் காண்பான். பள்ளத்தாக்கில் இருப்பவனோ தன்னைச் சூழ்ந்த மலைகளையே காண்பான். உலகை அறியாதவனது ஏக்கத்தைக் கூற வந்த கதைக்கு இம்மாற்றம் இன்றியமையாதது.

அம்ஹாரா நாட்டிலே நாற்புறமும் மலைகள் சூழ்ந்துள்ளது அப்பள்ளத்தாக்கு. மலையுச்சிகள் நடுப்பகுதிக்கு மேலாகக் கவிந்து நிற்கின்றன. உட்செல்லும் வழி ஒரு குகையே. அதன் ஒரு புறத்தைக் காடு மறைத்திருக்க, மறுபுறத்தைப் பொறிகளின் உதவியின்றித் திறக்கவியலாத இரும்புக் கதவு அடைத்திருக்கின்றது. மலையருவிகள் யாவும் இறங்கி நடுவில் ஓர் ஏரியாகின்றன. ஏரியின் மிகைநீர் வடபால் மலைப்பிளவொன்றினூடாகப் பாய்ந்து மறைகின்றது. ஆகவே, அங்கிருந்து தடையின்றி வெளியேறுவது நீர் ஒன்றே. இளவரசன் பின்னர் அந்நீர்வழியையும் ஆராய்ந்து, உடைந்த பாறைகள் நிறைந்த அவ்வழியால் மனிதன் செல்லலாகாது எனத் தெளிகின்றான்.

காலநிலையையும் உயிரினங்களையும் ஆசிரியர் அமைத்த முறை மேலும் நோக்கத்தக்கது. தொடக்கத்திலே அங்குப் பருவமாற்றம் என ஒன்று கூறப்படுவதில்லை. மாதந்தோறும் கனிகள் உதிர்கின்றன. காற்று நறுமணத்தைச் சுமந்து வருகின்றது. புல்மேயும் விலங்குகளும் தழையுண்ணும் விலங்குகளும் எங்கும் உலாவுகின்றன. பாறைமேல் ஆட்டுக்குட்டியும் மரத்தின்மேற் குரங்கும் நிழலில் யானையும் உள. கொன்றுண்ணும் விலங்கு ஒன்றேனும் இல்லை. அத்தகைய நிலத்தில் மேய்வன அளவின்றிப் பெருகிப் புல்லையே அழித்துவிடும் என இயற்கை நூலார் கூறுவர். யோன்சன் அதனை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆயினும், பகை விலங்கை வெளியே தடுத்த அதே மலை மந்தைகளை உள்ளே அடைத்தும் வைத்திருக்கின்றது என்பதை அவர் மறவாது குறிக்கின்றார். விலங்குக்குச் சொன்ன இவ்வுண்மை அரசகுமாரருக்கும் பொருந்தும். காவலும் சிறையும் அங்கே ஒரே சுவராயின.

நிலமும் பொழுதும் முதற்பொருளெனவும், விலங்கும் மரமும் நீரும் பிறவும் கருப்பொருளெனவும், மாந்தர் ஒழுக்கம் உரிப்பொருளெனவும் வகுத்த தொல்காப்பிய நெறியிற் பயின்றவர்க்கு இக்கதையின் அமைப்பு எளிதிற் புலனாகும். இருபத்தாறு வயதினனான ராசெலாஸ், மேயும் ஆடுகளின் நடுவே நின்று தன்னை அவற்றோடு ஒப்பிடுகின்றான். பசி தீர்ந்ததும் அவை அமைதியுறுகின்றன. பசி தீர்ந்த பின்னரும் தனக்கு அமைதியில்லை. குறை எதுவென அறியாத குறையே அவன் குறை. இவ்வுரிப்பொருளைக் கருப்பொருளினின்றே ஆசிரியர் பிறப்பிக்கின்றார்.

இனி, கதையின் திருப்பமும் காலநிலையினாலேயே நிகழ்கின்றது. முன்னர் ஒருபோதும் காணாத பெருமழை பெய்கின்றது. மலைப்பிளவு நீரைக் கொள்ளமாட்டாது போக, ஏரி கரைகடந்து சமவெளியை மூடுகின்றது. விலங்குகள் மலைச்சாரலை நாடுகின்றன. அரண்மனையுள் அடைபட்ட இளவரசன் அப்பொழுதே இம்லாக் என்னும் புலவனோடு நட்புக் கொள்கின்றான். மழையால் வளையிழந்த குழிமுயல்கள் புதர்களுக்குப் பின்னே மேல்நோக்கிச் சாய்வாகப் புதுவளை தோண்டியிருத்தலை இருவரும் காண்கின்றனர். அச்சிற்றுயிர் காட்டிய வழியிலே, மலைமுகடு கவிந்து நிற்கும் இடத்தில் அகழத் தொடங்கி, ஈற்றில் வெளியேறுகின்றனர். பறக்கும் சிறகு செய்த கலைஞன் முன்னரே ஏரியில் வீழ்ந்தான்; வானை நோக்கிய பெருமுயற்சி முடிக்காததை மண்ணைக் கிளறிய முயல் முடித்துவைத்தது.

இங்கே ஒரு குறை உண்டு. வளைதோண்டும் ஐரோப்பிய முயல் அபிசீனிய மலைநாட்டுக்கு உரியதன்று. யோன்சன் ஆண்ட ஆங்கிலச் சொல்லே 1611 ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்திற் பாறையிடுக்கில் வாழும் வேறொரு சிறுவிலங்கைக் குறிக்கும். அவ்விலங்கு எதியோப்பியாவில் உண்டு. ஆனால் அது வளை தோண்டுவதில்லை. கருப்பொருள் பிறழ்ந்ததெனினும் கருத்துப் பிறழவில்லை.

நூலின் இறுதி அதிகாரம் மீண்டும் வெள்ளத்திலேயே நிகழ்கின்றது. கெய்ரோ நகரிலே நைல் நதி பெருகி நிற்க, யாவரும் வீட்டினுள் அடைபட்டுத் தத்தம் விருப்பங்களைக் கூறுகின்றனர். அவை கைகூடா என உணர்ந்து, வெள்ளம் வடிந்தபின் அபிசீனியா மீளத் துணிகின்றனர். யூன் மாதம் முதல் செப்ரெம்பர் வரை எதியோப்பிய மலைநாட்டிற் பெய்யும் மழையே நீல நைல் வழியாக எகிப்தின் வெள்ளத்திற் பெரும்பகுதியை அளித்து வந்தது. 1970 ஆம் ஆண்டில் அஸ்வான் உயர் அணை முற்றுப்பெற்ற பின்னரே எகிப்தில் அவ்வெள்ளம் ஓய்ந்தது. கதையின் முதல் வாக்கியங்களிலேயே அபிசீனியாவை நைல் தோன்றும் நாடாக யோன்சன் அறிமுகப்படுத்துகின்றார். எனவே, பள்ளத்தாக்கில் அவர்களுக்கு வழிதிறந்த மலைநாட்டு மழையே கெய்ரோவிலும் அவர்களைத் தொடர்ந்து வந்து அடைத்தது எனல் மிகையாகாது.

இன்பப் பள்ளத்தாக்கின் வருணனையை அலங்காரமெனக் கருதி விரைந்து கடக்கும் மாணவர், நூலின் வாதத்தையே கடந்துவிடுகின்றனர். துன்பம் புகாதவாறு வகுத்த நிலம் மனிதனுக்குப் போதாது என்பது அவ்வாதத்தின் முற்பாதி. வெளியுலகு சென்றோர்க்கும் நிறைவு கிட்டவில்லை என்பது பிற்பாதி. முன்னதை மலையாலும் பின்னதை நீராலும் உணர்த்தியமையே யோன்சன் படைத்த கற்பனை நிலத்தின் சிறப்பாகும்.