போய் வா, அம்பாசடர்

பல ஆண்டுகள் எங்களைச் சுமந்த அம்பாசடரை விற்றுவிட்டோம். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அடியொற்றி, 1950களின் இறுதியில் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரிக்கத் தொடங்கிய கார் இது. எங்கள் வண்டியில் கியர், ஸ்டீயரிங்கை ஒட்டியே இருக்கும். அதனால் முன்சீட் ஒரே நீள இருக்கை. ஓட்டுபவருக்குப் பக்கத்தில் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். வயதானவர்கள் அதிகம் குனியாமல் ஏறி இறங்கலாம். பானெட்டைத் திறந்தால் இன்ஜினைச் சுற்றிக் கை நுழைய இடமிருக்கும். சின்ன ஊர் மெக்கானிக்கும் பழுது பார்த்துவிடுவார். 2014 மே மாதத்தோடு உற்பத்தி நின்றது. வேகத்திலும் மைலேஜிலும் இன்றைய கார்கள் எவ்வளவோ மேல். ஆனாலும் குடும்பத்தோடு நிம்மதியாக ஊர் போய்ச் சேர, என்னைப் பொறுத்தவரை இதற்கு ஈடு இல்லை.