கோடிட்ட இடத்தை நிரப்புக

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், சார்ல்ஸ் கவுண்ட்டியைச் சேர்ந்த அரசுப் பள்ளி ஒன்றில், 2014-15 கல்வியாண்டில் பதினோராம் வகுப்பு உலக வரலாற்றுப் பாடத்துக்கு ஒரு பயிற்சித்தாள் கொடுத்தார்கள். இஸ்லாத்தின் ஐந்து தூண்களைப் பற்றிய தாள் அது. ஷஹாதா எனப்படும் நம்பிக்கை வாசகமும் அதில் இருந்தது. சில சொற்களை எடுத்துவிட்டுக் கோடு போட்டிருந்தார்கள். நம் பிள்ளைகள் ஆரம்பப் பள்ளியிலிருந்தே பார்த்துப் பழகிய "கோடிட்ட இடத்தை நிரப்புக" வகைதான். ஒரு கிறிஸ்தவ மாணவி நிரப்ப மறுத்தார். வேறொரு மதத்தின் உறுதிமொழியைத் தன் கையால் எழுதச் சொல்வது தன் மத உரிமையில் தலையிடுவது என்று வழக்கு நீதிமன்றம் போனது. மாணவர்களுக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று பார்க்கும் கல்விப் பயிற்சி அது, வழிபாடு அல்ல என்று 2019 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு எடுக்க மறுத்துவிட்டது.

தீர்ப்பு சரியானது. ஒரு மதம் என்ன சொல்கிறது என்று அறிவது வேறு, அதை ஏற்பது வேறு. அரசுப் பள்ளியில் மதத்தைப் பக்திக்காகக் கற்பிக்கக் கூடாது, பாடமாகக் கற்பிக்கலாம் என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 1963இலேயே வரையறுத்துவிட்டது. ஆனால் மக்களுக்கு அதில் ஒரு பாதிதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. பியூ ஆய்வு மையம் 2010இல் நடத்திய மத அறிவுக் கணக்கெடுப்பில், அரசுப் பள்ளி ஆசிரியர் வகுப்பில் பிரார்த்தனை நடத்தக் கூடாது என்பது 89 சதவீதத்தினருக்குத் தெரிந்திருந்தது. மதங்களை ஒப்பிட்டுப் படிக்கும் வகுப்பு நடத்தலாம் என்பது 36 சதவீதத்தினருக்கே தெரிந்திருந்தது. இந்த இடைவெளியிலிருந்துதான் பெற்றோரின் அச்சமும் ஆசிரியர்களின் தயக்கமும் வருகின்றன.

இருந்தாலும் அந்த மாணவியின் சங்கடத்தை வெறும் குறுகிய மனம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. கோடிட்ட இடம் என்ற கேள்வி வகையிலேயே ஒரு குறை இருக்கிறது. "முஸ்லிம்கள் இவ்வாறு நம்புகிறார்கள்" என்ற முன்னொட்டு தாளின் தலைப்பில் இருக்கலாம். நிரப்பும் வரியில் இருக்காது. யார் சொல்கிறார்கள் என்பது கழன்றுபோய் வாசகம் மட்டும் நிற்கிறது. மதமும் அரசியலும் நடப்பும் தேர்வுக்கு வரும்போதெல்லாம் இதே பிசகு நேர்கிறது. இந்தத் துறைகளின் தகவல்களில் பெரும்பகுதி யாரோ ஒருவர் சொல்வது, யாரோ ஒருவர் மறுப்பது. பேசியவரை வெட்டிவிட்டுப் பேச்சை மட்டும் கேட்கும் கேள்வி, அறிவில் பாதியைக்கூட அளப்பதில்லை.

அதற்காகத் தகவல் கேள்வியே வேண்டாம் என்பவர்களோடு நான் உடன்படவில்லை. பாஸ்டன் பல்கலைக்கழக மதவியல் பேராசிரியர் ஸ்டீபன் புரோத்தெரோ தம் மாணவர்களுக்கு ஒரு சிறு தேர்வு வைத்தார். நான்கு நற்செய்தி நூல்களின் பெயர், இஸ்லாத்தின் புனித நூல், இந்து சமயத்தின் நூல் ஏதாவது ஒன்று, பௌத்தத்தின் நான்கு உண்மைகள் என்று நேரடிக் கேள்விகள். விடைகள் மோசமாக வந்தன. உயர்நிலைப் பள்ளியில் உலக மதங்கள் பாடம் கட்டாயமாக வேண்டும் என்று 2007இல் அவர் ஒரு நூலே எழுதினார். பியூ கணக்கெடுப்பின் 32 கேள்விகளுக்கு அமெரிக்கர்கள் சராசரியாக 16தான் சரியாகச் சொன்னார்கள். சிவனும் விஷ்ணுவும் எந்த மதத்தின் கடவுளர் என்று சொல்லத் தெரிந்தவர்கள் 38 சதவீதம்.

தெரியாமை ஆபத்தில்லாதது அல்ல. 2001 செப்டம்பர் தாக்குதல் நடந்த நான்காம் நாள், அரிசோனாவின் மேசா நகரில் பெட்ரோல் பங்க் நடத்திவந்த சீக்கியர் ஒருவரை, தலைப்பாகையையும் தாடியையும் பார்த்து முஸ்லிம் என்று நினைத்த ஒருவன் சுட்டுக் கொன்றான். இந்த நிகழ்ச்சியைச் சொல்லித்தான் பலரும் மத அறிவுப் பாடத்தின் தேவையை நிறுவுகிறார்கள். நானும் சொல்கிறேன், ஆனால் பாதியில் நிறுத்தாமல். சீக்கியர் யார் என்று அவனுக்குத் தெரிந்திருந்தால் அந்த மனிதர் தப்பியிருக்கலாம்; சுடத் துணிந்தவன் உண்மையான முஸ்லிம் ஒருவரைத் தேடிப் போயிருப்பான். ஒரு மதிப்பெண் கேள்வியால் எட்ட முடிந்த தூரம் அவ்வளவுதான்.

உலக அரசியலில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. நம் நாட்டு யுபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வை எடுத்துக்கொள்வோம். பொது அறிவுத் தாளில் 100 கேள்விகள், இரண்டு மணி நேரம், தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழிவு. 2016இல் ஒரு கேள்வி: செய்திகளில் அடிபடும் சமூகங்களும் அவை எந்த நாட்டு விவகாரம் என்பதும். குர்துகள் – வங்கதேசம், மாதேசிகள் – நேபாளம், ரோஹிங்கியாக்கள் – மியான்மர். எந்த இணைகள் சரி? இரண்டும் மூன்றும் என்பது விடை.

முதல் இணை தவறு, சரி. அப்படியானால் குர்துகளுக்கு எதிரே எந்த நாட்டை எழுதுவது? துருக்கி, ஈராக், ஈரான், சிரியா என நான்கு நாடுகளில் பிரிந்து கிடக்கிறார்கள், தனி நாடு இல்லை. அவர்கள் செய்தியில் அடிபடுவதே ஒரு நாட்டுக்குள் அடங்காததால்தான். ஒரு பக்கம் சமூகம், மறு பக்கம் நாடு என்ற இந்தக் கட்டத்துக்குள் குர்துகளின் வரலாறு நுழையவே முடியாது.

மூன்றாவது இணையைப் பாருங்கள். ரோஹிங்கியா – மியான்மர் என்று குறிப்பவருக்கு இரண்டு மதிப்பெண். ஆனால் மியான்மர் அரசு அந்த இணையையே ஏற்பதில்லை. 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களைத் தன் மக்களாக அங்கீகரிக்கவில்லை. எல்லை தாண்டி வந்த வங்காளிகள் என்பதே அங்குள்ள அதிகாரிகளின் பேச்சு. தேர்வு நடந்த மறு ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய இராணுவ நடவடிக்கையில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வங்கதேசத்துக்கு ஓடி வந்தார்கள். எது அந்த மக்களின் உயிர்ப் பிரச்சினையோ, அதையே பொருத்துக கேள்வி தீர்ந்துபோன விஷயமாக்கிவிடுகிறது. சரியான விடையைக் குறித்தவருக்கு, தான் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறோம் என்பதே தெரியாது.

2018இல் ஊர்களும் நாடுகளும் வந்தன: அலெப்போ, கிர்குக், மோசூல், மசார்-இ-ஷெரீப். அலெப்போ சிரியாவில் இருக்கிறது என்பது பள்ளி அட்லஸைப் பார்த்தவருக்கும் தெரியும். அங்கே முற்றுகையில் யார் யாரைச் சூழ்ந்திருந்தார்கள், மோசூலை யார் பிடித்து யார் மீட்டார்கள் என்பதற்கு அந்தத் தாளில் இடமில்லை.

தேர்வாணையத்தின் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். லட்சக்கணக்கானவர்கள் எழுதும் தேர்வில் இயந்திரம் திருத்தும் ஓஎம்ஆர் தாளுக்கு ஈடான நேர்மை வேறு எதிலும் இல்லை. எழுதியவர் எந்த ஊர், எந்தச் சாதி, எந்தக் கட்சிக்காரர், கையெழுத்து எப்படி என்பது இயந்திரத்துக்குத் தெரியாது. அரசியல் கேள்விக்குக் கட்டுரை எழுதச் சொன்னால், திருத்துபவரின் சாய்வு மதிப்பெண்ணில் இறங்காது என்று யாரால் உறுதி சொல்ல முடியும்? சிற்றூரிலிருந்து நூலகத்தில் படித்து வருகிற பிள்ளைக்கு இந்த நேர்மை பெரிய பாதுகாப்பு. யுபிஎஸ்சியே முதன்மைத் தேர்வில் பன்னாட்டு உறவுகளை விரிவாக எழுதச் சொல்கிறது. ஆனால் அந்தக் கட்டம் வரை போகிறவர்கள் சிறு பகுதியினர்தான். மற்றவர்களுடைய படிப்பை உருவாக்குவது முதல்நிலைக் கேள்விதான். டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவர்கள் புரட்டுகிற நடப்பு நிகழ்வுகள் தொகுப்புகளும் அந்த அச்சிலேயே வார்க்கப்பட்டவை. 2023 ஜி20 உச்சி மாநாடு எங்கே நடந்தது? புது டெல்லி. அங்கே ஆப்பிரிக்க ஒன்றியம் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டது அடுத்த வரி. ஏன் அதுவரை சேர்க்கப்படவில்லை என்ற வரி இருப்பதில்லை, ஏனென்றால் அதை யாரும் கேட்கப்போவதில்லை.

வேறு விதமாக அளந்தவர்களும் உண்டு. கலிபோர்னியாவின் மொடெஸ்டோ நகரப் பள்ளிகளில் 2000ஆம் ஆண்டு முதல் ஒன்பதாம் வகுப்பினருக்கு உலக மதங்கள் கட்டாயப் பாடம். எமில் லெஸ்டர், பேட்ரிக் ராபர்ட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் பாடத்துக்கு முன்பும் பின்பும் மாணவர்களைக் கேட்டு 2006இல் அறிக்கை தந்தார்கள். எவ்வளவு தெரிகிறது என்பதோடு நிற்காமல், பிற மதத்தவரின் உரிமைகளை எந்த அளவுக்கு ஏற்கிறார்கள் என்றும் கேட்டார்கள். அறிவு கூடியது, உரிமைகளுக்கான ஆதரவும் ஓரளவு கூடியது, சொந்த மத நம்பிக்கை ஆட்டம் காணவில்லை. பெற்றோரின் பெரிய பயம் ஆதாரமற்றது என்று காட்டியதற்காகவே இந்த ஆய்வை மதிக்கிறேன்.

அதே ஆய்வில் இன்னொரு முடிவு எனக்கு உறுத்துகிறது. எல்லா மதங்களின் அடிப்படை அறமும் ஒன்றுதான் என்று நினைக்கும் மாணவர்கள் பாடத்துக்குப் பின் அதிகமானார்கள். நம் மேடைகளிலும் இது இனிமையாக ஒலிக்கும் வாக்கியம். ஆனால் மறுபிறவியை நம்புகிறவரும் இறுதித் தீர்ப்பு நாளை நம்புகிறவரும் ஒன்றையே சொல்லவில்லை. புரோத்தெரோவே 2010இல், மதங்கள் வேறு வேறு சிக்கல்களுக்கு வேறு வேறு தீர்வுகளைத் தேடுபவை என்று வாதிட்டு இன்னொரு நூல் எழுதினார். வேற்றுமையை அறிந்த பிறகும் உரிமையை மதிப்பதுதான் கடினம். ஒன்றுபோல இருப்பவரை மதிக்கப் பாடம் எதற்கு?

இலங்கையின் நிலை நேர் எதிர். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் சமயம் கட்டாயப் பாடம், ஆனால் அவரவர் சமயம். யாழ்ப்பாணத்து மாணவி சைவநெறியும் கண்டி மாணவன் பௌத்தமும் எழுதுகிறார்கள். இருவரும் ஏ சித்தி பெறலாம். அடுத்தவரின் கோயிலிலோ விகாரையிலோ என்ன நடக்கிறது என்று ஒரு வரிகூடத் தெரியாமலே. அத்தனை இரத்தம் சிந்திய ஒரு நாட்டில் இது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது.

இங்கிலாந்தின் ஜிசிஎஸ்இ பள்ளித் தேர்வின் சமயப் பாடத்தில் குறைந்தது இரண்டு மதங்களைப் படிக்க வேண்டும். ஏக்யூஏ வாரியத்தின் தாளில் ஒவ்வொரு பெரிய கேள்வியும் 1, 2, 4, 5, 12 என்று மதிப்பெண் ஏறும் ஐந்து பகுதிகள் கொண்டது. கடைசிப் பகுதியில் ஒரு கூற்று தரப்படும். ஆதரவாகவும் மாறாகவும் வாதங்களைச் சொல்லி, மதப் போதனையைச் சுட்டி, தன் முடிவை நியாயப்படுத்த வேண்டும். 24இல் 12 மதிப்பெண் அதற்கு. தகவலிலிருந்து வாதத்துக்குப் படிப்படியாக ஏற்றும் இந்த அமைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. யார் சொல்கிறார்கள் என்பது இங்கே திரும்பி வருகிறது. ஆனால் "சில கிறிஸ்தவர்கள்... வேறு சில கிறிஸ்தவர்கள்...", "இந்துக்கள் நம்புவது..." என்று வார்ப்புருவில் எழுதினாலும் மதிப்பெண் வரும். லண்டனில் முருகனுக்குக் காவடி எடுக்கும் வீட்டுப் பிள்ளை, பிரம்மம், கர்மா, மோட்சம் என்ற மூன்று சொற்களால் தன் வீட்டுச் சமயத்தை வெளியாள்போல விவரித்துவிட்டு வரலாம்.

ஓஎம்ஆர் தாளை விட்டுவிடாமலே இதைத் திருத்த முடியும். ரோஹிங்கியா கேள்வியை இப்படிக் கேட்கலாம். நான்கு கூற்றுகள்: இவர்கள் எல்லை தாண்டி வந்த வங்காளிகள்; நாங்கள் தலைமுறைகளாக ராக்கைன் மாநிலத்தில் வாழ்பவர்கள்; இவர்களை மியான்மர் திரும்ப ஏற்க வேண்டும்; 1982இல் மியான்மரில் புதிய குடியுரிமைச் சட்டம் வந்தது. முதல் மூன்றையும் மியான்மர் அரசு, ரோஹிங்கியாக்கள், வங்கதேச அரசு ஆகியோருடன் பொருத்த வேண்டும். நான்காவது யாருடைய வாதமும் அல்ல, நடந்த நிகழ்வு என்று பிரித்தறிய வேண்டும். மூன்று தரப்பையும் சொல்வதால் மூவரும் சமமான நியாயம் உடையவர்கள் என்று ஆகாது. தேர்வர் அதை எடைபோடுவதற்குக் கைப்பொருள் கிடைக்கிறது. விடை ஒன்றே, இயந்திரம் திருத்தும், எவருடைய சாய்வுக்கும் வழியில்லை. கேள்வி தயாரிப்பவருக்குக் கூடுதலாகச் சில நாள் பிடிக்கும். பயிற்சி மையங்களின் மாத இதழும் ரோஹிங்கியாக்களுக்கு ஒரு வரிக்கு மேல் இடம் ஒதுக்கியாக வேண்டும்.