முக்கொம்பும் வரலாற்றுக் கால விருப்பமும்

வரலாற்று ஆராய்ச்சியிற் புகுவார் ஒவ்வொருவர்க்கும் தாம் விரும்பும் காலம் ஒன்று உண்டு. தமிழ் பயில்வார் பலர்க்கு அது சங்ககாலமாகவோ பிற்காலச் சோழர் காலமாகவோ அமைகின்றது. இவ்விருப்பம் குறையன்று, விருப்பம் இல்வழி அரிய உழைப்பும் இல்லை. ஆயினும், அவ்விருப்பமே எல்லை வகுத்து, எல்லைக்கு அப்பாற்பட்ட காலங்களை ஆராய்தற்கு ஏலாதனவென ஒதுக்குமாயின், விரும்பிய காலமும் தெளிவுறப் புலனாகாது. இதனைத் திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில் உள்ள முக்கொம்பினைச் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

கொம்பு என்பது கிளை. அகன்று வரும் காவிரி, காவிரி என்றும் கொள்ளிடம் என்றும் இரண்டாகப் பிரியும் இடம் ஆதலின், வரும் ஆற்றொடு சேர்த்து மூன்று கிளைகளை உடையது முக்கொம்பு. திருவரங்கத் தீவு இங்குத் தொடங்கிக் கல்லணைக்கு அண்மையில் முடிகின்றது. தீவின் கீழ்க்கோடியில் நிற்கும் கல்லணையைப் பற்றி எழுதாத வரலாற்று நூல் அரிது. மேற்கோடியில் உள்ள மேலணையைப் பற்றித் தமிழாராய்ச்சியாளர் எழுதியது மிகக் குறைவு. முன்னது கரிகாலன் பெயரொடு இயைந்தது. பின்னது 1836இல் ஆர்தர் காட்டன் என்னும் ஆங்கிலப் பொறியாளர் எடுத்தது. இவ்வேறுபாடே நம் விருப்பம் செல்லும் நெறியைக் காட்டுகின்றது.

இனி, விரும்பிய காலத்தையேனும் நாம் செவ்வனே ஆராய்ந்தோமா எனின், அதுவும் ஐயத்திற்கு உரியதே. கரிகாலன் காடுகளைத் திருத்தி மக்கள் வாழிடம் ஆக்கியதையும் குளங்கள் அகழ்ந்ததையும் பட்டினப்பாலை கூறுகின்றது. ஆற்றின் குறுக்கே அணை எடுத்ததாகக் கூறவில்லை. தெலுங்குச் சோழன் புண்ணியகுமாரனின் மாலேபாட்டுச் செப்பேடும் முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடும் காவிரியின் பெருக்கைத் தடுத்துக் கரை அமைத்த செயலைக் கரிகாலனுக்கு உரியதாக்குகின்றன. கரை எடுத்தல் வேறு. குறுக்கே அணை எடுத்தல் வேறு. இதனாற் கல்லணையின் தொன்மையோ கரிகாலன் பெருமையோ குறைவதன்று. கரை எடுத்த செய்தி அணை எடுத்த செய்தியாக எக்காலத்தில், எவரால் மாறியது என்னும் வினா எழுகின்றது என்பதே கருத்து. அதற்கு விடை காண வேண்டுமாயின் சோழர்க்குப் பிற்பட்ட காலங்களையே நாம் துருவுதல் வேண்டும். விரும்பாத காலத்தின் துணையின்றி விரும்பிய காலம் விளங்காது என்றது இதுபற்றியே.

மேலணை எழுந்த காரணமும் இதனை வலியுறுத்தும். கொள்ளிடம் காவிரியினும் சரிவு மிக்கது; கடலை அடையும் வழியும் குறுகியது. ஆதலின் வெள்ளம் கொள்ளிடத்தை நாடிச் செல்ல, காவிரியின் படுகை மணல் மேவி மேடிட்டது. தஞ்சை நிலங்கள் நீர் குன்றின. 1799இல் தஞ்சை நாட்டின் ஆட்சியும் 1801இல் திருச்சிராப்பள்ளிச் சீமையும் கும்பெனியார் கையுற்றபின், நிலவரி குன்றாமைப் பொருட்டு இக்குறையை நீக்குதல் அவர்க்கு இன்றியமையாததாயிற்று. கொள்ளிடத்தின் தலைப்பிற் குறுக்கே மேலணை எழுந்தது. பின்னர் காவிரியில் நீர் மிகுந்து செல்லத் தலைப்படவே, அதனை அளவுபடுத்தவும் வேலைகள் செய்ய நேர்ந்தன. ஆழ்ந்த மணலில் அடித்தளம் நிறுத்தும் முறையைக் கல்லணை கட்டிய பழந்தமிழரிடமே கற்றதாகக் காட்டன் ஒப்புக்கொண்டார். மேலணை, கல்லணையைப் படித்தறிந்து எழுதிய உரை போல்வது. உரையை ஒதுக்கி மூலத்தை மட்டும் போற்றுதல் புலவர்க்குப் பொருந்துமோ?

இவ்வொதுக்கத்திற்குக் காரணம் யாது? அரசியற் பெருமையுணர்ச்சி ஒரு காரணமாதல் தெளிவு. 1950 முதல் 1954 வரை வெளிவந்த கல்கியின் 'பொன்னியின் செல்வன்' இவ்வுணர்ச்சியை வீடுதோறும் கொண்டு சென்றது. எனினும் தமிழ்த்துறையைப் பொறுத்தவரை, மொழிச்சுவையே பெருங்காரணம் என்பது எம் கருத்து. நன்னடை வழங்கிய காலத்தைப் பொற்காலம் என்கின்றோம். வடமொழி, தெலுங்கு, மராத்தி, பாரசீகச் சொற்கள் விரவிய ஓலைகளையும் கணக்குகளையும் கண்டவிடத்து, நடை பிழைபட்டதெனக் காலத்தையே பிழைபட்டதாக்கி விடுகின்றோம். இது முறையன்று.

ஒரு சொல்லை நோக்குக. ஊரார் ஒன்றுகூடி வாய்க்கால் தூர்வாரும் பணிக்குக் குடிமராமத்து என்பது பெயர். குடி தமிழ், மராமத்து அரபு மூலத்தது. அப்பணி பழமையது, அதன் பெயரோ பிற்காலத்தது. 1858ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டம் அவ்வழக்கத்தைச் சட்டத்துள் அடக்க முயன்றது. 2017இல் தமிழக அரசு தன் திட்டத்திற்கு அப்பெயரையே மீண்டும் இட்டது. மறுபுறம், அணைக்கட்டு என்னும் தமிழ்ச்சொல் 'அனிகட்' என உருத்திரிந்து ஆங்கிலப் பொறியியல் வழக்கிற் குடிபுகுந்தது. கொண்டும் கொடுத்தும் வளர்ந்த இச்சொல் வரலாற்றைக் கலப்புநடைக் காலத்தை விலக்கி எழுதுவது எங்ஙனம்?

சோழர் காலத்தை ஆராய்வோர்க்கு நெறி காட்டும் முயற்சி ஒன்று இவ்வாற்றங்கரையிலேயே நிகழ்ந்துள்ளது. நீலகண்ட சாத்திரியாரின் 'சோழர்' 1935, 1937ஆம் ஆண்டுகளிலும், சதாசிவப் பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திரம்' 1949 முதற் பகுதி பகுதியாகவும் வெளிவந்தன. ஆண்டுமுறையும் அரசர் வரிசையும் நிலைபெற்றது இவர்கள் உழைப்பால் என்பதில் ஐயமில்லை. ஆயினும், சப்பானிய அறிஞர் நொபுரு கராசிமா 1966இல் வெளியிட்ட கட்டுரை, திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே காவிரித் தென்கரையில் அடுத்தடுத்துள்ள அல்லூர், ஈசானமங்கலம் என்னும் இரண்டு ஊர்களின் கல்வெட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டது. பிரமதேயமாகிய ஈசானமங்கலத்தில் நிலம் தனியார் உடைமையாகவும், வேளாண் ஊராகிய அல்லூரில் ஊர்ப்பொதுவாகவும் இருந்ததெனச் சான்று காட்டியது. அரசன் புகழ் பாடும் மெய்க்கீர்த்தியை விட்டு, நிலத்தின் எல்லை கூறும் வதி, வாய்க்கால், கண்ணாறு ஆகிய சொற்களை நோக்குவார்க்கே இத்தகைய உண்மைகள் புலப்படும். அவ்வறிஞர் சோழர் காலத்தோடு நின்றாரல்லர். அந்நிலவுடைமை பின்னர் என்னவாயிற்று என வினவி, விசயநகர நாயக்கர் காலத்திற்கும் சென்றார். அவர் பின்பற்றியது பொருளை; காலத்தை அன்று.

திருவரங்கத்தின் நிலையும் இதுவே. 1982இல் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதி 24 ஆக வெளிவந்த அக்கோயிற் கல்வெட்டுகளிற் சோழர், பாண்டியர், போசளர், விசயநகரத்தார் எனப் பல மரபினர் பேசுகின்றனர். கொள்ளிடத்திற்கு வடகரையில் உள்ள கண்ணனூர் 13ஆம் நூற்றாண்டிற் போசளர் தலைநகராய் விளங்கியது. ஒரு கோயிற் சுவரிலே அடுத்தடுத்து நிற்கும் காலங்களை நம் விருப்பம் பற்றிப் பிரித்தல் தகுமோ?

2018ஆம் ஆண்டு ஆகத்து 22ஆம் நாள் இரவு, மேலணையின் கொள்ளிடப் பகுதியில் மதகுகள் சில இடிந்து வீழ்ந்தன. பின்னர் அருகே புதிய கதவணை எழுந்தது. வீழ்ந்த பின்னரே அதன் வயதைப் பலர் வினவினர். ஆவணங்களும் அவ்வாறே. 18, 19ஆம் நூற்றாண்டுகளின் ஓலைகளையும் கைப்பிரதிகளையும் படிக்கும் பயிற்சி, பயில்வார் இன்மையால் அருகி வருகின்றது. கல்வெட்டுக் கல்லாதலின் காத்திருக்கும், ஓலை காத்திராது.

ஆதலின், ஆய்வுப்பொருள் தேரும் மாணவர் 'எக்காலம்?' என முதற்கண் வினவாது, 'எப்பொருள்?' என வினவுதல் நலம். நீர், நிலம், வரி, சொல் என யாதேனும் ஒன்றைக் கைக்கொண்டு, அது செல்லும் காலமெல்லாம் உடன் செல்க. அங்ஙனம் சென்றார்க்குச் சோழர் காலம் குன்றாது, இன்னும் விளக்கமுறும். ஆறு பிரியும் இடத்தை அறிந்தாலன்றிக் கடைமடையில் நீர் குறைந்த காரணம் விளங்காது. வரலாறும் அத்தன்மைத்தே. இக்கருத்தின் ஏற்றத் தாழ்வுகளை அறிஞர் ஆராய்ந்து கொள்வாராக.