ஜூன் மாதச் செலவும் ஜீவனாம்சக் கணக்கும்

தாய் சிதம்பரத்தில், தந்தை கடலூரில், பிள்ளை தாயிடம் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைக்கு மாதம் இவ்வளவு என்று நீதிமன்றம் ஒரு தொகையை நிர்ணயிக்கிறது. பிரிந்த பெற்றோர் பலருக்கும் இதுதான் ஏற்பாடு. இதில் பெரிய நன்மை உண்டு. பாலுக்கும் மளிகைக்கும் அந்தத் தாய் ஒவ்வொரு முறையும் போன் போட்டுக் கெஞ்ச வேண்டியதில்லை. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜீவனாம்சத்துக்கு இருந்த மாதம் 500 ரூபாய் உச்சவரம்பும் 2001இல் நீங்கியது. இரு தரப்பும் வருமானத்தையும் சொத்தையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும், மனுப் போட்ட நாளிலிருந்தே ஜீவனாம்சம் தர வேண்டும் என்று 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வாய்தா இழுத்தால் லாபம் என்ற கணக்கு அதோடு அடிபட்டது.

ஆனால் பிள்ளையின் செலவு மாதாமாதம் சீராக வருவதில்லை. ஜூனில் டேர்ம் பீஸ், வேன் பீஸ், நோட்டு, யூனிபார்ம், ஷூ எல்லாம் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தால் அது தனி. யுகேஜி படித்தபோது போட்ட தொகை ஒன்பதாம் வகுப்பிலும் அப்படியே நிற்கும். கூட்டிக் கேட்கலாம், சட்டத்தில் வழி இருக்கிறது. அதற்கும் புதிய மனு, வக்கீல் பீஸ், மறுபடி வாய்தா. பணம் வராமல் நின்றுபோனாலோ, நிலுவையை வசூலிக்கும் மனுவை ஓராண்டுக்குள் போட்டாக வேண்டும்.

இதைவிடப் பெரிய குறையாக எனக்குப் படுவது பதினெட்டு வயது. அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாக இப்போதுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு, பழைய சட்டத்தின் 125ஆம் பிரிவைப் போலவே, உடல் மன நலக் குறைபாடு இல்லாத மகனை 18 வயதோடு கைவிட்டுவிடுகிறது. மணமாகாத மகளுக்காவது 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் துணை நிற்கும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சீட் கிடைத்து, கல்விக் கட்டணமும் ஹாஸ்டலும் சேர்ந்து வரும் அதே நேரத்தில் பையனுக்குரிய பணம் நின்றுபோகலாம். படிப்பு முடியும்வரை என்று மாற்றாமல் விட்டது அநியாயம்.

“கொடுக்கிற காசு பிள்ளைக்குத்தான் போகிறதா?” என்பது தந்தைமார் பலரின் கேள்வி. அது பொய்க் கவலை அல்ல. சாப்பாட்டுக்கு மாதத் தொகை, படிப்புக்குத் தனிக் கணக்கு என்று பிரித்தால் இந்தச் சந்தேகம் பெரும்பாலும் தீரும். தாயும் சம்பாதித்தால் கல்விச் செலவை வருமான விகிதப்படி பங்கிடலாம் என்று அந்த 2020 தீர்ப்பே சொல்கிறது. தந்தை தன் பங்கைப் பள்ளிக்கு நேராகக் கட்டட்டும். இதிலும் ஆபத்து இருக்கிறது: கட்டாமல் இழுத்தடித்தால் வகுப்பில் தலைகுனிவது பிள்ளைதான். “பிள்ளையைக் காட்டு, அப்புறம் கட்டுகிறேன்” என்ற பேரத்துக்கும் அது வழி விடும். பார்க்கும் உரிமை வேறு, பீஸ் வேறு.

பரஸ்பர சம்மதத்தில் பிரிகிறவர்கள் சீர்வரிசைப் பாத்திரம் வரை மனுவில் பட்டியல் போடுகிறார்கள். அதே மனுவில் பீஸ் கட்டக் கடைசித் தேதி, ஆஸ்பத்திரிச் செலவில் யாருக்கு எவ்வளவு, இரண்டாண்டுக்கு ஒருமுறை எத்தனை சதவீத உயர்வு, கல்லூரி முடியும்வரை யார் பொறுப்பு என்று நான்கு வரி சேர்த்து, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.