கூண்டில் இருந்தது பெண் எலிதான்

தலை-கழுத்துப் புற்றுநோய் பற்றிய எலி ஆய்வுக் கட்டுரைகளில் யாரும் நின்று வாசிக்காத ஒரு வரி உண்டு. செய்முறைப் பகுதியில் வரும்: ஆறு முதல் எட்டு வார வயதுப் பெண் எலிகள் பயன்படுத்தப்பட்டன. சிலவற்றில் ஆண் என்றிருக்கும். சிலவற்றில் பால் பற்றிய பேச்சே இருக்காது.

ஆய்வகம் ஆண் உடலையே பொது உடலாகக் கொண்டது என்பது பெண்ணியர்களாகிய நமக்குப் பழகிய குற்றச்சாட்டு. அது பொய்யல்ல. 2009இல் வெளிவந்த விலங்கு ஆய்வுகளை அன்னலீஸ் பீரியும் இர்விங் சக்கரும் எண்ணிப் பார்த்தார்கள். நரம்பியலில் ஆண் விலங்குகளை மட்டும் வைத்துச் செய்தவை, பெண் விலங்குகளை மட்டும் வைத்துச் செய்தவற்றைப்போல் ஐந்தரை மடங்கு இருந்தன. பெண் எலிக்கு நாலைந்து நாளுக்கொரு ஹார்மோன் சுழற்சி, அதனால் அளவீடுகள் சிதறும் என்பது சாக்கு. 2014இல் சக்கரும் சகாக்களும் 293 கட்டுரைகளை அலசி, பெண் எலிகளின் அளவீடுகள் ஆண் எலிகளுடையதைவிட அதிகம் சிதறவில்லை என்று காட்டிவிட்டார்கள்.

ஆனால் இதே குற்றச்சாட்டோடு புற்றுநோய் எதிர்ப்பாற்றல் ஆய்வுக்குள் நுழைந்தால் கால் வழுக்கும். இங்கே பெண் எலியைப் பல நேரம் விரும்பியே எடுக்கிறார்கள். ஆண் எலிகளை ஒரே கூண்டில் விட்டால் கடித்துக்கொள்ளும். காயமும் வீக்கமும் எதிர்ப்பாற்றல் அளவீட்டைக் கெடுக்கும். பெண் எலிகளோ ஒன்றாக அடங்கி இருக்கும். அடக்கமானவள் என்று வேலைக்கு எடுப்பது நாம் கேள்விப்படாத கதையா என்ன? என் மனக்குறை இதுதான்: பெண் என்பதற்காகக் கூண்டில் சேர்க்கிறார்கள், முடிவை எழுதும்போது அது வெறும் எலியாகிவிடுகிறது.

இதில் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். மனிதக் கட்டியை எலியில் வளர்க்க, எதிர்ப்பாற்றல் அற்ற எலி வேண்டும். எதிர்ப்பாற்றலையே ஆராய வேண்டுமென்றால் எலியின் கட்டியை அதே இன எலிக்குள்தான் வைக்க வேண்டும். அந்தக் கட்டிச் செல்கள் ஓர் ஆண் எலியிலிருந்து வந்தவை என்று வைத்துக்கொள்வோம். ஒய் குரோமோசோம் உண்டாக்கும் புரதங்களைப் பெண் உடல் அந்நியமாக அடையாளம் காணும். ஒரே இனத்துக்குள்ளேயே ஆண் எலியின் தோலைப் பெண் எலி ஏற்க மறுத்ததை ஐக்வால்டும் சில்ம்சரும் 1955லேயே கண்டார்கள். அப்படியானால், மருந்து தந்ததும் கட்டி சுருங்கியது மருந்தாலா, ஆண் செல்லின்மீது பெண் உடலுக்கு இருந்த மறுப்பாலா? செல்வரிசையின் பாலையும் எலியின் பாலையும் சேர்த்துச் சொல்லாத கட்டுரையிடம் இதற்குப் பதில் கிடையாது.

நோயாளிகளிடமும் இக்கேள்வி தீரவில்லை. எதிர்ப்பாற்றலின் தடையை அகற்றும் மருந்துகளான பெம்ப்ரோலிசுமாபும் நிவோலுமாபும் 2016இல் அமெரிக்காவில் தலை-கழுத்துப் புற்றுக்கு அனுமதி பெற்றன. இவ்வகை மருந்துகளால் பெண்களைவிட ஆண்களுக்கே கூடுதல் பலன் என்றது 2018இல் 'லான்செட் ஆங்காலஜி' வெளியிட்ட தொகுப்பாய்வு. அதிலிருந்த 11,351 நோயாளிகளில் பெண்கள் மூன்றில் ஒரு பங்குதான். மறு ஆண்டே இன்னொரு தொகுப்பாய்வு அப்படி வேறுபாடில்லை என்றது. இதைத் தீர்த்துவைக்க எலிகளால் உதவ முடியும். ஆணையும் பெண்ணையும் தனித்தனியே எண்ணினால்.

எண்ணுகிறார்களா? இரு பாலையும் கருத்தில் கொள்ளுமாறு அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 2016 முதல் கேட்கிறது. 2019இன் கட்டுரைகளை பீரியும் சகாக்களும் மறுபடி எண்ணினார்கள். இரு பாலையும் சேர்த்த ஆய்வுகள் 28 விழுக்காட்டிலிருந்து 49 ஆகியிருந்தன. ஆனால் பால்வாரியாக முடிவுகளைப் பிரித்துப் பார்ப்பது ஒன்பது துறைகளில் எட்டில் கூடவில்லை. நாற்காலி போட்டார்கள், பேச விடவில்லை.

இன்னொரு உறுத்தலும் உண்டு. வாய்ப்புற்றை உண்டாக்க, 4-நைட்ரோகுயினோலின் ஆக்சைடு என்ற வேதிப்பொருளைக் குடிநீரில் கலந்து பல வாரம் எலிக்குத் தருவார்கள். புகையிலை உண்டாக்கும் மரபணுச் சிதைவை ஒத்த சிதைவு அதில் வருகிறது. கட்டி பெரும்பாலும் நாக்கில் வரும். நல்ல மாதிரிதான். ஆனால் நம் ஊரில் நடவுக்கும் களைக்கும் போகிற பெண், பசி தெரியாமலிருக்க வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலையைக் கன்னத்தில் ஒதுக்கிவைத்தே வேலை செய்கிறாள். அவளுக்குப் புற்று வருவது கன்னத்தின் உட்புறத்திலும் ஈறிலும். புகையிலை இல்லாத வெறும் பாக்கே புற்று உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்து இருபது ஆண்டுகளாகின்றன. தண்ணீர் குடித்து நாக்கில் கட்டி வளர்த்த எலியின் எதிர்ப்பாற்றல், பாக்கு ஊறிய அந்தக் கன்னத்தைப் பற்றி எவ்வளவு சொல்லும்? அடுத்த கட்டுரையைக் கையில் எடுக்கும்போது நான் முதலில் செய்முறைப் பகுதிக்குத்தான் போவேன்.