துன்பக்கொள்கையும் தேயிலைப் பாடலும்

புறநானூற்றின் 194ஆம் பாடலிற் பக்குடுக்கை நன்கணியார் இரு மனைகளைக் காட்டுவர். ஒன்றிற் சாப்பறை ஒலிக்கின்றது, மற்றொன்றில் மணமுழவு. ஒருத்தி பூச்சூடி நிற்க, ஒருத்தி கண்ணீர் உகுக்கின்றாள். இங்ஙனம் படைத்தவனைப் பண்பிலான் என்று சினந்த புலவர், உலகின் இயல்பை உணர்ந்தோர் இனியவற்றைக் காண்பாராக என்று முடிப்பர். துன்பக்கொள்கை எனப்படும் தத்துவத்தின் வினா முழுவதும் இச்சிறு பாட்டில் அடங்கிவிட்டது, விடைதான் வேறு. ஜெர்மனிய ஞானி ஷோப்பன்ஹவர் (1788–1860) அவாவே வாழ்வின் வேர் என்றும், வேர் உள்ளவரை துன்பம் தளிர்க்குமென்றும் கொண்டார். தென்னாபிரிக்கரான டேவிட் பெனட்டார் 2006இல் வெளியிட்ட நூலிலே ஒருபடி மேற்சென்று, பிறவாதிருத்தலே நன்றென வாதிட்டார். பெரியபுராணத்துக் காரைக்காலம்மையாரும் பிறவாமை வேண்டியவரே. ஆயின் மீண்டும் பிறப்புண்டேல் இறைவனை மறவாமையும் வேண்டினார். பெனட்டாரின் ஏட்டில் அவ்விரண்டாம் வேண்டுதலுக்கு இடமில்லை.

அவரது வாதத்தை எளிதில் ஒதுக்கிவிடுதல் ஆகாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022ஆம் ஆண்டுக்குச் செய்த கணிப்பின்படி, மக்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் தம் வாழ்நாளிற் புற்றுநோய்க்கு ஆளாவர். ஆடவருள் ஒன்பதின்மரில் ஒருவரும் பெண்டிருட் பன்னிருவரில் ஒருவரும் அதனால் இறப்பர். பிற கொடிய நோய்களையும் கூட்டினால் தப்புவோர் சிலரே. பிள்ளையைத் தொட்டிலில் இடும் தாய் இக்கணக்கைப் பார்ப்பதில்லை. பார்த்தல் வேண்டும் என்பது துன்பக்கொள்கையினர் கட்சி.

இக்கட்சியை மலையக இலக்கியத்தின்முன் வைத்துப் பார்த்தல் தகும். சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தோட்டத்திற் பிறந்தவர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானவர். அவர் ஆங்கிலத்தில் எழுதி 1954இல் வெளிவந்த நெடும்பாடலைச் சக்தி பால ஐயா ‘தேயிலைத் தோட்டத்திலே’ எனத் தமிழாக்கினார். தேயிலைச் செடியின் அடியிலே புழுதியோடு புழுதியாய்க் கிடக்கும் முன்னோருக்கு நினைவுக்கல்லும் இல்லை, பூவும் இல்லை என்னும் துயரமே அதன் உயிர்நாடி. இதனை வெறும் ஒப்பாரியென்றும், பிறவியை நொந்த பாட்டென்றும் கொள்வாருளர். அது பிழை. பிறந்ததே தீது என எண்ணுவோன் கல்லறை கேளான். நினைக்கப்படவில்லையே என்று வருந்துவோன், வாழ்ந்த வாழ்வு நினைக்கத் தக்கது என்பதை முன்னரே ஒப்புக்கொண்டவனாவான்.

பொகவந்தலாவையில் இவ்வேறுபாடு கண்கூடு. அங்குள்ள தூய மரியாள் ஆலய முற்றத்தில், புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரட் கமரன் 1879இல் அடக்கம் செய்யப்பட்டார். அடுத்த ஆண்டில் அவர் கணவரும். அவர்கள் கோப்பித் தோட்டத்துக் குடும்பத்தினர். இன்றும் அக்கல்லறையைக் காணப் பயணிகள் வருகின்றனர். சாவு இரு சாராருக்கும் பொதுவே. கல்வெட்டு ஒரு சாராருக்கே வாய்த்தது. சாவைப் படைத்தவனை நன்கணியாரைப்போல் நோகலாம். கல்லில்லாமைக்கு அவனை நோதல் எங்ஙனம்?

நோய்க்கும் இதுவே ஒக்கும். தோட்டங்களை வாட்டிய கொக்கிப்புழு, மலம் கலந்த ஈரமண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலிற் புகும். குடலிற் பற்றிக் குருதியை உறிஞ்சிச் சோகையை விளைக்கும். மலசலகூடமும் காலணியும் இருப்பின் அதன் வழி அடைபடும். லயத்து அறைகளை அடுக்கிக் கட்டியோர் மலசலகூடத்தைப் பின்னர் நினைத்தனர். பல இடங்களில் நினைக்கவேயில்லை. இத்தகைய நோயையும் மூப்பையும் ஒரே தட்டில் இட்டு நிறுப்பது பெனட்டாரின் கணக்கிலுள்ள பெருங்குறை. தவிர்க்கத்தக்கதைத் தவிர்க்கலாகாததோடு சேர்த்துவிட்டால், தவிர்க்காது விட்டோர் எவரும் குற்றவாளியாகார். லயத்துக்கு உரியவனுக்கு இதனினும் வாய்ப்பான தத்துவம் வேறில்லை. ‘எல்லாம் தலைவிதி’ என்று தொழிலாளரிடம் கூறியோரும் இவ்வேலையையே செய்தனர்.

எனினும் வேலுப்பிள்ளையின் பாடலுக்கும் எல்லையுண்டு. லயங்கள் அனைத்தும் வீடுகளாகி, ஒவ்வொரு தோட்டத்திற்கும் மருத்துவர் வாய்த்த பின்னரும் அந்த ஐவரில் ஒருவர் இருப்பார். கொழுந்தெடுத்த கையோ துரைமார் கையோ என்று அந்நோய் பார்ப்பதில்லை. அவருக்குச் சொல்லத்தக்கது தேயிலைப் பாடலில் இல்லை. அதனை அங்கே தேடுவதும் முறையன்று. அவ்விடத்து நன்கணியாரிடமே மீள வேண்டியுள்ளது. அவரும் நோயாளியை நோக்கி இனியவற்றைக் காண்க என்றாரல்லர். உலகின் இயல்பை உணர்ந்தோரை நோக்கியே கூறினார். அவ்வுணர்வு நோயாளிக்கு வாய்க்குமோ என்பதைப் புறப்பாட்டும் சொல்லாதொழிந்தது.