லாச்சிக்குள் கிடந்த குடும்பங்கள்

டென்மார்க்கில் எங்கடை ஆக்கள் கூடுகிற இடங்களில், இரண்டாவது தேத்தண்ணிக்குப் பிறகு யாராவது ஒருவர் அந்தக் கதையைத் தொடங்கிவிடுவார். 'இந்த நாட்டு அரசாங்கத்தையே கவுத்த ஆக்கள் நாங்கள்.' அண்மையிலும் கேட்டேன். சொன்னவர் முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக இங்கே இருப்பவர், நல்ல மனிதர். அதே மூச்சில் அவர் சொன்ன அடுத்த வசனம்தான் இதை எழுத வைத்தது. 'இப்ப வந்த சிரியாக்காரரைப் போலயே நாங்கள்? வந்த கையோட வேலைக்குப் போன சனம்.'

இந்த இரண்டு வசனங்களும் ஒரே வாயிலிருந்து எப்படி வருகின்றன?

கதை தெரியாதவர்களுக்காக: 1983ஆம் ஆண்டின் டேனிஷ் வெளிநாட்டவர் சட்டம், அகதியாக ஏற்கப்பட்டவருக்குத் தன் துணையையும் வயதுக்கு வராத பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளும் உரிமையைக் கொடுத்தது. உரிமை என்றால் உரிமை. அமைச்சரின் கருணை அல்ல. 1987இல் நீதி அமைச்சராக இருந்த எரிக் நின்-ஹான்சன், தமிழ் அகதிகளின் குடும்ப விண்ணப்பங்களைப் பார்க்காமல் ஒதுக்கி வைக்கச் செய்தார். அந்த யூலையில்தான் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. ஊர் அமைதியாகிவிடும், இவர்களும் திரும்பிப் போய்விடலாம் என்பது கணக்கு. ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்குள் இந்தியப் படை சண்டையைத் தொடங்கியது. விண்ணப்பங்கள் லாச்சிக்குள்ளேயே கிடந்தன.

1989இல் பிரதமர் பௌல் ஸ்லூட்டர், கம்பளத்துக்குக் கீழே எதுவும் கூட்டித் தள்ளப்படவில்லை என்று பாராளுமன்றத்தில் அடித்துச் சொன்னார். 1993 ஜனவரியில் விசாரணை அறிக்கை வந்ததும் பதவி விலகினார். 1995இல், அமைச்சர்களை விசாரிப்பதற்கென்றே உள்ள ரிக்ஸ்ரெத் நீதிமன்றம் நின்-ஹான்சனுக்கு நான்கு மாதச் சிறைத் தண்டனை விதித்து, அதை நிறுத்தியும் வைத்தது. 1910க்குப் பிறகு அந்த நீதிமன்றம் கூடியது அப்போதுதான்.

இந்தப் பிரதியை நாங்கள் இதுவரை வெற்றிக் கதையாகவே வாசித்து வந்திருக்கிறோம். டேனிஷ்காரர் தங்கள் சனநாயகத்தின் சான்றிதழாக வாசிக்கிறார்கள். இரண்டு வாசிப்புமே ஒரு விஷயத்தைத் தாண்டிப் போகின்றன: அமைச்சர் யாருக்கும் 'இல்லை' என்று சொல்லவில்லை. 'இல்லை' என்றால் ஒரு கடிதம் வரும், காரணம் எழுதப்படும், மேன்முறையீடு செய்யலாம். 'இன்னும் பார்க்கவில்லை' என்பதற்கு எங்கே போய் முறையிடுவது? அதிகாரம் இங்கே தடையாக வரவில்லை, தாமதமாக வந்தது. அகதியிடமிருந்து அது எடுத்துக்கொண்டது காலத்தை. அரசாங்கம் விழுந்ததும் அந்தக் காலத்துக்காக அல்ல. பாராளுமன்றத்துக்கு உண்மை சொல்லப்படவில்லை என்பதற்காக. பாராளுமன்றம் தன்னைத்தானே காப்பாற்றிக்கொண்டது. அந்த வழக்கில் தமிழர் வாதிகள் அல்ல, தடயப்பொருள். நாங்கள் கவுத்தோம் என்பது கொஞ்சம் அதிகம்தான்.

அடுத்து நடந்தது இன்னும் முக்கியமானது. 2016 பெப்ரவரியில், தற்காலிகப் பாதுகாப்பு மட்டும் பெற்றவர்கள் (பெரும்பாலும் சிரியர்) குடும்பத்தை அழைக்க விண்ணப்பிப்பதற்கே மூன்று வருடம் காத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அகதிகளின் நகையைப் பறிக்கும் சட்டம் என்று உலகம் முழுக்கப் பேசப்பட்டதே, அதே சட்டப் பொதிக்குள்தான் இதுவும் இருந்தது. மோதிரத்தைப் பற்றி எழுதிய பத்திரிகைகள் மூன்று வருடத்தைப் பற்றிக் குறைவாகவே எழுதின. 1987இல் ஒரு அமைச்சர் களவாகச் செய்த வேலை 2016இல் பாராளுமன்றம் பகிரங்கமாக வாக்கெடுத்துச் செய்த வேலையானது. யாரும் பதவி விலகவில்லை. லாச்சியையே சட்டமாக்கிவிட்டால் பிறகு கம்பளம் எதற்கு?

2021 யூலையில் ஸ்ட்ராஸ்பூர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், ஒரு சிரிய அகதியின் வழக்கில், இந்தக் காத்திருப்பு குடும்ப வாழ்வுக்கான உரிமையை மீறியது என்று தீர்த்தது. டென்மார்க் மூன்றை இரண்டாகக் குறைத்தது. அதே வருடம் டிசம்பரில் ரிக்ஸ்ரெத் மறுபடி கூடி, முன்னாள் அமைச்சர் இங்கர் ஸ்தொய்பெர்க்குக்கு 60 நாள் சிறைத் தண்டனை கொடுத்தது. ஒருவர் 18 வயதுக்குக் குறைந்த புகலிடத் தம்பதிகளைத் தனித்தனியாக விசாரியாமல் பிரிக்கச் செய்தது குற்றம். அடுத்த வருடத் தேர்தலில் அவர் சொந்தக் கட்சியோடு பாராளுமன்றம் திரும்பினார். இரண்டு வழக்கிலும் தண்டிக்கப்பட்டது சட்டத்தை மீறியதுதான். சட்டம் என்ன சொல்கிறது என்பது ஒருபோதும் குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை.

இதற்குள் 'ஒருங்கிணைவு' என்ற சொல்லாடலுக்கு என்ன நடந்தது? 1999இல் அதற்கென்றே தனிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது: மொழி படி, வேலைக்குப் போ, எங்களில் ஒருவனாகு. 2019இல் திசை திரும்பியது. அகதிக்குக் கொடுக்கும் அனுமதி தற்காலிகத் தங்கலுக்கு என்றார்கள். ஒருங்கிணைவுக் கொடுப்பனவு என்ற உதவிப்பணம் 2020இல் தன் பெயருக்குள்ளேயே 'ஊர் திரும்பல்' என்பதைச் சேர்த்துக்கொண்டது. டமாஸ்கஸ் பாதுகாப்பாகிவிட்டது என்று, அசாத் ஆட்சியில் இருக்கும்போதே, அங்கிருந்து வந்த பலரின் அனுமதிகள் பறிக்கப்பட்டன. 1987இன் யாழ்ப்பாணக் கணக்கு எனக்கு ஞாபகம் வருகிறது. மொழி படித்தவளும் வேலைக்குப் போனவளும் அதில் அடக்கம். 'வந்த கையோட வேலைக்குப் போன சனம்' என்ற எங்கள் பெருமை இவளைக் காப்பாற்றவில்லை. எங்களையும் அது காப்பாற்றியிருக்காது. எங்களைக் காப்பாற்றியது 1983இன் சட்டம்.

அந்த அண்ணையிடம் இதைச் சொன்னேன். 'அது வேற, இது வேற தம்பி' என்றார். வேறில்லை. 2018இன் குடியிருப்புச் சட்டம் 'மேற்குலகு சாராதவர்' பாதிக்கு மேல் இருப்பதை ஒரு பகுதிக்கு எதிரான அளவுகோலாக்கியது. வெளியிலிருந்து வந்தவர்களோடு அவர்களின் 'வழித்தோன்றல்'களும் அந்தக் கணக்கில் உண்டு. இங்கே பிறந்து, இந்த நாட்டுப் பாஸ்போட் வைத்திருக்கும் அவருடைய மகளும் அதில் ஒரு எண்.

அடுத்த ஒன்றுகூடலில் அந்த ஸ்ட்ராஸ்பூர்க் தீர்ப்பைத் தமிழில் சொல்ல ஒரு கால் மணித்தியாலம் கேட்டேன். அரசியல் வேண்டாம், பிள்ளையளின்ர டான்ஸ் இருக்கு என்றார்கள்.